ஏழு பூட்டும் ஒரு மரப்பெட்டியும்

அந்தக் கிடங்கில் அவளுக்கு 'ஏழு பூட்டு' என்று பெயர். வைத்தவன் கிரேன். கிரேன் என்றால் இயந்திரம் இல்லை, ஆள். இரண்டு பேர் தூக்க வேண்டிய துணி துவைக்கும் மெஷினைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? தூக்குவதில் சூரன். ஆனால் ஞாபக மறதி என்றால் அப்படி ஒரு மறதி. வேலைக்குக் கிளம்பினால் கயிற்றையாவது தள்ளுவண்டியையாவது விட்டுவிட்டுப் போய்ப் பாதி வழியில் திரும்பி வருவான்.

வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனி அது. மூன்று வண்டி, ஒன்பது ஆள், தகரக் கூரை போட்ட கிடங்கு. கிடங்கின் மூலையில் பிளைவுட்டும் கண்ணாடியும் வைத்துத் தடுத்த ஓர் அறை. அந்த அறையில் பத்தொன்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். போன் எடுப்பது, தேதி கொடுப்பது, வண்டியை அனுப்புவது, திட்டு வாங்குவது, எல்லாம் அவள் வேலை. வீடு மாறியவர்கள் ஒரு வாரத்துக்குள் போன் பண்ணித் திட்டாமல் இருந்ததாகச் சரித்திரம் கிடையாது. பீரோவில் கீறல், கோப்பையில் விரிசல், மேஜைக்கு ஒரு காலைக் காணோம் என்று எதற்காவது கூப்பிடுவார்கள். அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்க ஏழு சொற்களை அடிப்பாள். ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத ஏழு சொற்கள். அடிக்கும்போது யாரும் அறைக்குள் நிற்கக் கூடாது, முதலாளியாகவே இருந்தாலும். டீ குடிக்கப் போனாலும் பூட்டுவாள், முகம் கழுவப் போனாலும் பூட்டுவாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டான். "உப்பு டப்பாவுக்கும் பாஸ்வேர்ட் போட்டுட்டியா? திறக்கவே மாட்டேங்குது." அந்த ஏழு சொற்கள் என்னென்ன என்று அவனுக்கும் தெரியாது. கதை சொல்கிற எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் ஏன் அப்படி ஆனாள் என்று தெரிந்த யாரும் சிரித்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. நீளமான அட்டை நோட்டு ஒன்றுதான். யார், எங்கிருந்து, எங்கே போனார்கள் என்று வரிசையாக அவள் கையெழுத்தில் இருக்கும். ஒரு மத்தியானம் போன் வந்தது. நல்ல குரல், மரியாதையான குரல்.

"மேடம், போன வாரம் வீடு மாத்தினாங்களே, அவங்களோட அண்ணன் பேசறேன். அம்மா ஆஸ்பத்திரில ரொம்ப சீரியஸா இருக்காங்க. புது வீட்டு அட்ரஸ் யார்கிட்டயும் இல்ல. அவளும் போன எடுக்க மாட்டேங்கறா."

அவள் நோட்டைப் புரட்டினாள். படித்தாள். படித்ததோடு விட்டாளா? மருந்துக் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்டு என்று அடையாளமும் சொன்னாள். வைக்கும்போது, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமா இருங்க" என்று ஆறுதல் வேறு.

அந்தப் பெண்ணின் வீட்டை மாற்றியபோது நிலைக்கண்ணாடி உடைந்திருந்தது. திட்டு வரும் என்று அவள் மன்னிப்பெல்லாம் யோசித்துவைத்துக் காத்திருந்தாள். போன் வரவில்லை. மூன்றாம் நாள் போலீஸ்தான் வந்தது. பேசியது அண்ணன் இல்லை, புருஷன். பச்சை கேட்டுக்கு உள்ளேயே, வாசலைத் தாண்டவிடாமல், இரும்புக் குழாயால் அடித்தே கொன்றிருந்தான். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை, வளையலை வைத்துத்தான் சொன்னார்கள்.

நீதிமன்றத்தில் அவளைக் குற்றம் சொல்லி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாராவது நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட ஆறியிருக்கும். எத்தனையோ நாள் கண்ணாடி முன்னால் நின்று, இந்த நாக்குதானே என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் முதலாளியைக் கரித்துக்கொட்டி கம்ப்யூட்டர் வாங்க வைத்தாள். கம்ப்யூட்டர் கடைக்காரியைக் கூட்டி வந்து, "யார் வந்தாலும், என்ன செஞ்சாலும், இதுல இருக்கற அட்ரஸ் வெளிய போகக் கூடாது" என்றாள்.

கடைக்காரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "இதுக்கு என்கிரிப்ஷன்னு பேருக்கா. கதவுக்குப் போடற பூட்டு இல்ல, எழுத்துக்கே போடற பூட்டு. மெஷினத் தூக்கிட்டுப் போய் உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்க உருவி வேற மெஷின்ல மாட்டினாலும் வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். உங்க ரகசிய வார்த்தைய அடிச்சாத்தான் அது திரும்ப எழுத்தாகும். மறந்துட்டீங்கன்னா என்னாலயும் திறக்க முடியாது, பார்த்துக்கங்க."

"மறக்க மாட்டேன்," என்றாள்.

அன்றிலிருந்து கிடங்கில் சட்டம் மாறியது. வாடிக்கையாளருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். பதிவு செய்யும்போது அவர்களே ஒரு சொல்லையும் சொல்லிவைக்க வேண்டும். போனில் நம்பரும் அந்தச் சொல்லும் சொல்லாமல் யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. டிரைவர் போனுக்குப் போகிற விலாசம், சாமான் இறக்கியதும் அழிய வேண்டும். பெட்டிகள் மேல் நம்பரைத் தவிர ஓர் எழுத்து இருக்கக் கூடாது.

இந்தக் கடைசிச் சட்டத்தைத்தான் கிரேனால் ஜீரணிக்க முடியவில்லை. "நம்பர் மட்டும் போட்டா எந்தத் தெரு, எந்த மாடின்னு எனக்கு எப்படிக்கா ஞாபகம் இருக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் முனகுவான். "மண்டைல எழுதிக்கோ" என்பாள்.

நானூற்றுப் பதினேழாம் நம்பர் பெண் இரண்டு குழந்தைகளோடு வந்தாள். உட்கார் என்றபோது பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள், இடுப்பில் அடி. கழுத்தில் நாலு விரல் பதிந்த தடம் கறுத்துப் போயிருந்தது. ரகசியச் சொல் கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தாள். சின்னது அம்மா மடியிலிருந்து, "ஒட்டகம்!" என்று கத்தியது. ஏழு பூட்டு அதையே எழுதிக்கொண்டாள். போகும்போது அந்தப் பெண், "அவர் வந்து கேப்பாருங்க. மோசமான ஆளு" என்றாள். "வரட்டும்" என்றாள் இவள்.

சரியாகப் பதினாறாம் நாள் வந்தான்.

காலை பதினோரு மணி. வண்டிகள் மூன்றும் வெளியே. முதலாளி இன்சூரன்ஸ் ஆபீஸில். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவனும், பின்னால் தடியாக அவன் தம்பியும் உள்ளே வந்தார்கள். தம்பிக்காரன் ஷட்டரை இழுத்து இறக்கினான். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் அவள் காலால் சுவிட்சை உதைத்து அணைத்தாள். திரை கறுத்தது. எல்லாம் பூட்டிக்கொண்டது.

"மேடம், என் ஒய்ஃப் உங்க வண்டிலதான் போனா. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க. அட்ரஸ் குடுங்க, போயிடறோம்."

"நம்பர் சொல்லுங்க."

"என்ன நம்பர்?"

"தெரியாதுன்னா கிளம்புங்க."

அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி பறந்து ஃபைல்களுக்கு நடுவே விழுந்தது. காதுக்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல். அவன் குரல் மட்டும் மாறவில்லை, அதே மரியாதை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் போனில் கேட்ட அந்தக் குரலின் உடன்பிறப்பு போல இருந்தது.

"கம்ப்யூட்டர ஆன் பண்ணுங்க மேடம்."

அவனே ஆன் பண்ணினான். திரை ரகசிய வார்த்தை கேட்டது. அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவன் அவளுடைய வலது கையைப் பிடித்து மேஜையின் இரும்பு டிராயருக்குள் வைத்து, இடுப்பால் ஓங்கி மூடினான். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. ஐயோ என்று அலறினாள். மறுபடி திறந்தான், மறுபடி மூடினான்.

"சொல்றேன், சொல்றேன்," என்றாள்.

ஏழு சொற்கள் சொன்னாள். அவன் அடித்தான். தவறு என்றது. எச்சில் ஒழுக, "எழுத்து மாறிடுச்சு, சரியா அடிங்க" என்றாள். மறுபடி தவறு. வேறு ஏழு சொன்னாள். அதுவும் தவறு. ஒரு மணி நேரம் கழித்து முயற்சிக்கவும் என்று எழுதிக் காட்டிவிட்டுத் திரை செத்துப்போனது. அதைத்தான் அவள் எதிர்பார்த்தாள்.

அவனுக்கு அது புரிந்த நொடியில் மரியாதை போய்விட்டது. "ஏய், விளையாடறியா?" என்று திரையைத் தூக்கி அவள் தோளில் போட்டான். தலைமுடியைப் பிடித்து, கண்ணாடிக் கதவில் மோதி, கிடங்குத் தரையில் இழுத்துப் போட்டான். கன்னத்தில் சில்லு ஏறியிருந்தது. வயிற்றில் உதைத்தான். உதைத்துக்கொண்டே எதையோ எண்ணுகிற மாதிரி நிதானமாகக் கேட்டான்.

"எங்க இருக்கா? எங்க இருக்கா?"

செத்தாலும் சொல்லப் போவதில்லை, அது அவளுக்குத் தெரியும். உயிர் போகிற வலியிலும் ஒரு நிம்மதி இருந்தது. விலாசம் எழுத்துக்கு எழுத்து பூட்டிக் கிடக்கிறது, திறக்கிற சாவி தன் மண்டைக்குள் இருக்கிறது, மண்டையை உடைத்தால் சாவியும் போகும். அந்த நிம்மதியோடுதான் தலையைத் திருப்பினாள்.

தம்பிக்காரன் அலுத்துப்போய் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கண்ணாடி, டி.வி. ஏற்றுவதற்கென்று பிளைவுட்டில் அடித்த இடுப்பு உயரப் பெட்டி, சாமான் இறக்கியதும் கிடங்குக்கே திரும்பி வந்துவிடும். காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கால் விலகும்போதெல்லாம் பெட்டியின் முகத்தில் கொட்டை கொட்டையாகக் கறுப்பு மார்க்கர் எழுத்துத் தெரிந்தது. மேலே 417. அதன் கீழே தெருப் பெயர். அதன் கீழே கதவு நம்பர், இரண்டாவது மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம்.

கிரேனின் கையெழுத்து. மறந்துவிடும் என்று எழுதியிருக்கிறான். அழிக்க மறந்திருக்கிறான்.

டிராயர் மூடியபோதுகூட அவள் இப்படிப் பயப்படவில்லை. புருஷன்காரன் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒரு தடவை திரும்பினால் போதும். பதினோரு வருஷம் பூட்டிப் பூட்டி வைத்ததெல்லாம், இதோ, ஒரு தடியனின் இரண்டு குதிகாலுக்கு நடுவே திறந்து கிடக்கிறது. பச்சை கேட்டு கண்ணில் வந்தது. அந்த வளையல் வந்தது. மடியிலிருந்து ஒட்டகம் என்று கத்திய சின்னது வந்தது.

அவன் மூச்சு வாங்க உதைப்பதை நிறுத்தினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தான்.

"டேய்!" என்றாள் அவள். வாயிலிருந்து பல்லும் ரத்தமுமாக வந்தது. "இங்க பாருடா. உன் பொண்டாட்டி உன்ன விட்டுட்டுப் போகல, தப்பிச்சுப் போயிட்டா. நீ எல்லாம் ஒரு ஆம்பள! கீழ கிடக்கற பொம்பளைய உதைக்கறதுக்குத் தம்பியத் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கான் பாரு!"

அவன் கண் அவள் மேலேயே திரும்பியது. அவளுக்கு அதுதான் வேண்டும். தாடையில் உதைத்தான். எதுவோ இடம் பெயர்ந்தது. அடி, இன்னும் அடி, என்னையே பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, உதை வாங்கி உருளுகிற சாக்கில் பெட்டிப் பக்கமாக உருண்டாள். ஒவ்வோர் உதைக்கும் ஒரு முழம். கயிற்றுக் கட்டு ஓரமாக, டேப் அறுக்கிற கத்தி கிடந்தது. இடது கையில் அது சிக்கியது.

"அண்ணே, இந்தப் பொம்பள சொல்லாது போலண்ணே. வா, போலாம்," என்றான் தம்பி, காலை ஆட்டிக்கொண்டே.

அவன் கெண்டைக்காலில் கத்தியைச் செருகி இழுத்தாள். அவன் அம்மா என்று அலறிக்கொண்டு குதித்தான், ஒற்றைக் காலில் நொண்டி விழுந்தான். ரத்தம் தரையெல்லாம் தெறித்தது. அவள் எழுந்ததும் தெரியவில்லை, பாய்ந்ததும் தெரியவில்லை. பெட்டியை இரண்டு கையாலும், முறிந்த கையாலும்தான், தன் பக்கமாகச் சாய்த்தாள். எழுத்து இருந்த முகம் அவள் நெஞ்சில் பட, பெட்டி சரிந்தது. அடியில் அவள். உள்ளே ஏதோ கலகலவென்று குலுங்கியது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தியா எடுக்கற, கத்தி?" என்று புருஷன்காரன் ஆணி பிடுங்குகிற சின்னக் கடப்பாரையை எடுத்தான். பெட்டிக்கு வெளியே தெரிந்த இடத்திலெல்லாம் அடித்தான். தொடை, முழங்கால், தோள். பெட்டியைத் தூக்கி அவளை வெளியே இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அடிக்குப் பயந்து ஒளிகிறாள் என்று அவன் நினைத்தான். எதை ஒளிக்கிறாள் என்று அந்த முட்டாளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் ஷட்டர் தடதடவென்று ஆடியது.

"அக்கா! கயிறு மறந்துட்டேன்கா! ஷட்டர எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?"

அவள் கத்தினாள். வார்த்தை வரவில்லை, தாடை ஒத்துழைக்கவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தம் கிரேனுக்குப் போதுமானதாக இருந்தது. ஷட்டர் ஒரே இழுப்பில் மேலே போனது. கிரேனும் கூட இரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். கடப்பாரையை ஓங்கியவனை கிரேன் இடுப்போடு வாரித் தூக்கினான், துணி துவைக்கும் மெஷினைத் தூக்குகிற அதே தூக்கு. ஆனால் அதை மெதுவாக இறக்குவான். இவனைச் சுவரில் எறிந்தான். மறுபடி எடுத்து எறிந்தான். மற்ற இருவரும் நொண்டுகிறவனை மூட்டை கட்டுகிற டேப்பாலேயே சுற்றிவிட்டு வந்து கிரேனைப் பிடிக்காவிட்டால் அன்றைக்குக் கொலை விழுந்திருக்கும்.

பெட்டியைத் தூக்க வந்தபோதும் அவள் விடவில்லை. "அக்கா, நாந்தான்கா. விடுங்க. அவனுங்களக் கட்டிப் போட்டாச்சு." அவள் கண்ணைத் திறந்து, அவன்தானா என்று பார்த்துவிட்டு, கையைத் தளர்த்தினாள்.

கிரேன் பெட்டியை நிமிர்த்தினான். அவள் ரத்தம் அப்பியிருந்த பலகையில் தன் கையெழுத்தைப் படித்தான். ஒரு தடவைதான் படித்தான். அந்த மலை போன்ற ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஐயோ அக்கா, ஐயோ அக்கா" என்று இரண்டு கையாலும் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். உடைந்த வாயில் அது இரண்டு தடவைக்கு அப்புறம்தான் புரிந்தது.

"அழி."

அவன் சுத்தியலை எடுத்து அந்தப் பெட்டியைச் சில்லுச் சில்லாக உடைத்தான். போலீஸ் வருகிற வரைக்கும் அழுதுகொண்டே உடைத்தான். உள்ளே மூலையில் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு பொட்டலம் கிடைத்தது. என்னவென்று ஞாபகமில்லாததால் அதை அவள் மேஜை டிராயரில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். மூன்று பல் போயிற்று, இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். அந்தப் பெண்ணின் புது விலாசம் வேண்டும் என்று விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் காட்டினாள்: 'நீதிமன்ற உத்தரவு கொண்டுவரவும்.' பக்கத்தில் நின்ற அவள் புருஷன், "என்கிட்ட உப்பு டப்பாவையே தர மாட்டா சார்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அந்தப் பெண்ணுக்கு அவளுடைய அம்மா வீட்டு வழியாக, ஆள் உள்ளே இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். யாரை அடித்ததற்காக என்பதைச் சொல்ல வேண்டாம் என்று இவள்தான் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, இடது கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஏழு சொற்களையும் அடித்தாள். திறந்துகொண்டது. கிரேன் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் இப்போது மார்க்கர் பேனாவே கிடையாது. நம்பர் போடுவதற்கும் இன்னொருவனைத்தான் கூப்பிடுகிறான். அவள் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்குத் தெரியும், திட்டாமல் விட்டால் எப்படி இருக்கும் என்று. அதனால் கூப்பிட்டு, "எருமை மாடே!" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் நன்றாகத் திட்டினாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டான்.

திட்டி முடிக்கும்போது போன் அடித்தது.

"நம்பர் சொல்லுங்க."

"நானூத்திப் பதினேழு. ஒட்டகம்." கோபமான பெண் குரல். "ஏங்க, நீங்கள்லாம் கம்பெனி நடத்தறீங்களா, என்னங்க? கட்டிலோட நட்டு போல்ட்டு பொட்டலம் வரவே இல்ல. ரெண்டு மாசமா எத்தனை தடவ போன் பண்றது? யாரோ ஒருத்தர் எடுத்து, 'அக்கா வரட்டும், அக்கா வரட்டும்'ங்கறாரு! கட்டிலக் கயித்துல கட்டிப் படுத்திருக்கோம். நேத்து ராத்திரி ரெண்டு பிள்ளைங்களோட அப்படியே கீழ வந்துடுச்சு! உங்களுக்குக் கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?"

பின்னால் இரண்டு குழந்தைகள் எதற்கோ அடித்துக்கொண்டு கத்துகிற சத்தம் கேட்டது. அவள் டிராயரைத் திறந்தாள். பழுப்பு டேப் ஒட்டிய பொட்டலம் உள்ளே இருந்தது. அதை எடுத்து மடங்காத விரல்களால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது.

கிரேன் பதறி அருகே வந்தான். "என்னக்கா? யாருக்கா போன்ல? என்ன சொல்றாங்க?"

"திட்டறாடா," என்றாள், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு. "உயிரோட இருந்து திட்டறாடா."

பிறகு கையை எடுத்துவிட்டு, "சொல்லுங்கம்மா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றாள்.